மடிக்கணினியில் மொபைல் இணையம் நின்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

"நெட் வரவில்லை" என்று நாம் சொல்லும்போது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு கோளாறுகளை ஒரே பெயரால் அழைக்கிறோம். ரீசார்ஜ் முடிந்திருந்தாலும் அப்படித்தான் சொல்கிறோம், டவர் கிடைக்காவிட்டாலும் அப்படித்தான் சொல்கிறோம், கணினியின் கடிகாரம் தவறான தேதியைக் காட்டுவதால் இணையப் பக்கங்கள் திறக்க மறுத்தாலும் அதையேதான் சொல்கிறோம். வீட்டுக்குக் கம்பி இழுத்துத் தரப்படும் ஃபைபர் இணைப்பிலாவது பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பழியை நிறுவனத்தின் மேல் போடலாம். சிம் அட்டையின் வழியாக மடிக்கணினிக்கு வரும் இணையத்தில் பெரும்பாலும் அப்படி ஒரு விளக்கு கிடையாது என்பதால், அது எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால்தான் எங்கே தடைபட்டது என்று தேட முடியும்.

காவிரிப் பாசனத்தில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. வாய்க்காலின் கரையோடு மேல்நோக்கி நடந்து, எந்த மதகு வரைக்கும் தண்ணீர் வந்து நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள். மடிக்கணினி இந்த வழியின் கடைமடை. அதற்கு மேலே, டவரோடு பேசும் மோடம் இருக்கிறது. ஹாட்ஸ்பாட் போட்ட கைப்பேசி, யுஎஸ்பியில் செருகும் டாங்கிள், சில மடிக்கணினிகளுக்குள்ளேயே பொருத்தப்பட்ட அட்டை ஆகிய மூன்றில் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. மோடத்துக்கு மேலே டவர். டவருக்கு மேலே நிறுவனத்தின் மைய வலையமைப்பு. உங்கள் சிம் செல்லுபடியாகிறதா, திட்டத்தில் டேட்டா மீதமிருக்கிறதா என்று சரிபார்த்து, உங்கள் கருவிக்கு ஓர் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, வழங்குவது அங்கேதான் நடக்கிறது. அதற்கும் அப்பால்தான் நாம் திறக்க விரும்பும் இணையத்தளம் இருக்கிறது. திரையின் மூலையில் தெரியும் "இணைக்கப்பட்டது" என்ற சொல், பெரும்பாலும் மடிக்கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள ஒரே ஒரு மதகைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இதை அறியாததால்தான் பலர், வைஃபை இணைந்திருக்கிறதே, பிறகு ஏன் நெட் வரவில்லை என்று குழம்புகிறார்கள்.

முதல் சோதனை: கணினியை விட்டுவிடுங்கள்

இயக்கியை (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை) மாற்றுவது, விண்டோஸை மறுபடி நிறுவுவது போன்ற பெரிய வேலைகளில் இறங்கும் முன்பு, கணினியை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த சிம்மை மட்டும் சோதியுங்கள். ஹாட்ஸ்பாட் பயன்படுத்துபவர் தம் கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் இதுவரை திறக்காத ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். முன்பே திறந்த பக்கமாக இருந்தால் கைப்பேசி தன் நினைவிலிருந்து அதை எடுத்துக்காட்டி ஏமாற்றிவிடக்கூடும். டாங்கிள் வைத்திருப்பவர் சிம்மைக் கழற்றிக் கைப்பேசியில் போட்டுப் பார்க்கலாம். கைப்பேசியிலும் பக்கம் திறக்கவில்லை என்றால் மடிக்கணினி குற்றமற்றது என்று முடிவு செய்துவிடலாம். என் அனுபவத்தில் பாதிக்கும் மேற்பட்ட தேடல்கள் இந்த இரண்டு நிமிடச் சோதனையிலேயே முடிந்துவிடுகின்றன.

அப்படி முடிபவற்றில் அடிக்கடி வருவது தினசரி டேட்டா வரம்பு. இந்தியாவில் விற்கப்படும் முன்கட்டணத் திட்டங்களில் பல, நாளொன்றுக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி என்று அளந்து தருபவை. அந்த அளவு தீர்ந்ததும் இணைப்பு அறுந்துவிடாது. பெரும்பாலும் வேகம் மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் இது விநாடிக்கு 8 கிலோபைட் மட்டுமே. 2 எம்பி அளவுள்ள ஒரு சாதாரணச் செய்திப் பக்கம் முழுதாக வந்து சேர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் உலாவி பொறுமையிழந்து பிழைச் செய்தியைக் காட்டிவிடும். சிக்னல் நிறைந்திருக்கிறது, இணைப்பும் இருக்கிறது, எழுத்து மட்டுமே உள்ள வாட்ஸ்அப் செய்திகள் கூடப் போய்ச் சேர்கின்றன, ஆனால் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் இந்த வரம்பின் மேல்தான் விழ வேண்டும். நள்ளிரவு கடந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டால் சந்தேகம் உறுதியாகிறது.

கைப்பேசியில் நாள் முழுவதும் போதுமாயிருந்த 2 ஜிபி, மடிக்கணினியில் காலை பத்து மணிக்கே தீர்ந்துபோவதற்கும் ஒரு காரணம் உண்டு. வைஃபை வழியாக வரும் எந்த இணைப்பையும், கட்டுப்பாடற்ற வீட்டு இணைப்பு என்றே விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அந்த வைஃபைக்குப் பின்னால் அளந்து தரப்படும் ஒரு சிம் இருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே புதுப்பிப்புகளைத் தாராளமாக இறக்கிக்கொள்ளும், ஒன்டிரைவில் உள்ள படங்களை ஒத்திசைக்கும். செட்டிங்ஸில் அந்த வைஃபையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்ற பொத்தானை ஒருமுறை இயக்கிவிட்டால், விண்டோஸ் பெரும்பாலான புதுப்பிப்புகளை ஒத்திவைக்கும். மடிக்கணினிக்குள்ளேயே சிம் போடும் வசதி இருந்து, அதன் வழியாக இணைந்திருந்தால் இந்தப் பொத்தானைத் தேட வேண்டியதில்லை. அதை விண்டோஸ் தானாகவே அளவுள்ள இணைப்பாகத்தான் கருதுகிறது.

கைப்பேசிக்கும் கணினிக்கும் நடுவே

கைப்பேசியில் இணையம் நன்றாக ஓடுகிறது, மடிக்கணினிக்கு மட்டும் வரவில்லை என்றால் தடை இந்த இரண்டு கருவிகளுக்கும் இடையில் இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டின் பெயரே கணினியின் பட்டியலில் தெரியவில்லை என்றால் அலைவரிசையைச் சந்தேகிக்க வேண்டும். புதிய கைப்பேசிகள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஹாட்ஸ்பாட்டை இயக்கக்கூடியவை. பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்புகளில் இந்த அலைவரிசையை மாற்றும் வசதி இருக்கும். ஐபோன் 12 முதலான கருவிகளில் "மேக்ஸிமைஸ் கம்பேட்டபிலிட்டி" என்ற பொத்தான் இதே வேலையைச் செய்கிறது. யாரும் இணையாமல் சில நிமிடங்கள் கடந்தால் ஹாட்ஸ்பாட் தானாகவே அணைந்துவிடுவதும் மின்கலத்தைச் சேமிப்பதற்காக வைக்கப்பட்ட இயல்பே தவிரக் கோளாறு அல்ல.

வைஃபை தொல்லை கொடுக்கும்போது, ஒரு யுஎஸ்பி கம்பியால் கைப்பேசியைக் கணினியுடன் இணைத்து "யுஎஸ்பி டெதரிங்" போடுவதையே நான் பரிந்துரைப்பேன். ஹாட்ஸ்பாட் போட்ட கைப்பேசி சூடாகி மின்கலம் கரைந்துகொண்டிருக்கும் வேளையில், கம்பியில் இணைத்தால் இணையமும் கிடைக்கும், சார்ஜும் ஏறும். ஆனால் எல்லாக் கம்பியும் இதற்கு உதவாது. சில மலிவான கம்பிகளுக்குள் மின்சாரத்துக்கான இரண்டு இழைகள் மட்டுமே இருக்கும், தகவலுக்கான இழைகள் இருக்காது. டெதரிங் என்ற பொத்தான் மங்கலாகவே கிடப்பதைப் பார்த்து, கைப்பேசியின் மென்பொருளை ஒரு மணி நேரம் குடைந்துவிட்டுக் கடைசியில் கம்பியை மாற்றியதும் எல்லாம் சரியானதைக் கண்டு நானே வெட்கப்பட்டிருக்கிறேன். ஆப்பிள் மடிக்கணினியில் ஆண்ட்ராய்டு கைப்பேசியை இப்படி இணைத்தாலும் பெரும்பாலும் பயனிருக்காது, ஏனெனில் பல ஆண்ட்ராய்டு கருவிகள் இதற்குப் பயன்படுத்தும் முறையை மேக் இயங்குதளம் தானாக ஏற்பதில்லை.

யாராவது அழைத்தால் நெட் நின்றுவிடுகிறது, பேசி முடித்ததும் வந்துவிடுகிறது என்பது தனியாக விளக்க வேண்டிய ஒரு குறை. 4ஜி வலையமைப்பு முதலில் தகவலுக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டது. குரல் அழைப்பையும் 4ஜியிலேயே கொண்டுசெல்லும் வோல்ட்டி வசதி இயங்காத கைப்பேசி, அழைப்பு வந்ததும் பழைய 2ஜி அல்லது 3ஜிக்கு இறங்கிவிடும். அப்போது டேட்டா நின்றுவிடும் அல்லது ஊர்ந்து செல்லும். செட்டிங்ஸில் வோல்ட்டியை இயக்கினால் இது தீர்ந்துவிடும். இரண்டு சிம் உள்ள கைப்பேசியில் மட்டும் இதற்கு இன்னொரு காரணம் இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரு சிம்முக்காக மட்டுமே முழுமையாக இயங்கும் என்பதால், டேட்டா ஒரு சிம்மிலும் அழைப்பு மற்றொரு சிம்மிலும் இருக்கும்போது அழைப்பே வெல்லும். இணையவழிக் கூட்டத்தில் அமரப்போகிறவர், அழைப்பு அதிகம் வரும் சிம்மையே டேட்டாவுக்கும் வைத்துக்கொள்வது அல்லது "அழைப்பின்போது டேட்டா" என்னும் தேர்வு கைப்பேசியில் இருந்தால் அதை இயக்கிவிடுவது நல்லது.

பெட்டிக்குள் கிடக்கும் பழைய டாங்கிள்

பலர் வீட்டு மேசை இழுப்பறையில் ஒரு பழைய டாங்கிள் இருக்கும். டேட்டா கார்டு என்று நாம் அழைத்த அதே பொருள். அவசரத்துக்கு அதை எடுத்து, கைவசமுள்ள சிம்மைச் செருகி, வேலை செய்யவில்லையே என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் கேட்பது அது எத்தனை ஜி கருவி என்பதைத்தான். ஜியோ 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கியபோதே 4ஜி மட்டுமே உள்ள வலையமைப்பாகத்தான் தொடங்கியது. 3ஜி டாங்கிளில் ஜியோ சிம்மைப் போட்டால் அதற்குப் பேச ஒரு டவரும் இல்லை. ஏர்டெல் 2019இல் கொல்கத்தாவில் தொடங்கிப் படிப்படியாகத் தன் 3ஜி சேவையை நிறுத்திவிட்டது, ஆனால் 2ஜியை வைத்திருக்கிறது. ஆகவே அந்த சிம் பழைய டாங்கிளில் இணைந்ததாகக் காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. டாடா ஃபோட்டான், எம்டிஎஸ் எம்பிளேஸ் போன்றவை சிடிஎம்ஏ என்ற வேறு தொழில்நுட்பத்தைச் சேர்ந்தவை. அந்தச் சேவைகளே இன்று இல்லாததால் அந்தக் கருவிகளை எந்த அமைப்பாலும் உயிர்ப்பிக்க முடியாது.

4ஜி டாங்கிளாகவே இருந்தாலும், வெளிநாட்டில் வாங்கியதாக இருந்தால் அது எந்தெந்த அலைவரிசைகளைக் கேட்கும் என்று பார்க்க வேண்டும். ஜியோ தன் 4ஜிக்கு 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. பேண்ட் 40 எனப்படும் 2300 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கருவிகள் பலவற்றில் இருப்பதில்லை. அத்தகைய கருவி ஓரிடத்தில் நன்றாக வேலை செய்து, அடுத்த தெருவில் மௌனமாகிவிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

டாங்கிளைச் செருகியதும் அது மோடமாகத் தெரியாமல் ஒரு சிடி டிரைவாகத் தெரிவது புதியவர்களை அச்சுறுத்தும். நிறுவ வேண்டிய மென்பொருளைத் தனிக் குறுந்தகட்டில் தராமல் கருவிக்குள்ளேயே வைத்து, முதலில் சிடியாகத் தோன்றி, மென்பொருள் நிறுவப்பட்டதும் மோடமாக வேடம் மாறும்படி இவற்றைச் செய்திருக்கிறார்கள். அந்த வேடமாற்றம் நடக்காவிட்டால் அது சிடியாகவே கிடக்கும். லினக்ஸில் இந்த மாற்றத்தைச் செய்வதற்கென்றே யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு நிரல் இருக்கிறது. இவற்றுக்குப் பின் வந்த ஹைலிங்க் வகை ஹுவாவே டாங்கிள்கள் கணினிக்கு ஒரு சாதாரண வலையட்டையாகத் தெரிபவை; உலாவியின் முகவரிப் பட்டையில் 192.168.8.1 என்று தட்டினால் அவற்றின் அமைப்புப் பக்கம், இணையம் இல்லாதபோதும், திறக்கும்.

இணைந்து, சில நிமிடங்கள் ஓடி, பெரிய கோப்பை அனுப்பத் தொடங்கியதும் டாங்கிள் அணைந்துபோகிறது என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர் வரைதான் தரும். தொலைவிலுள்ள டவரை எட்டுவதற்காக மோடம் உரக்கப் பேசும் கணத்தில் மின்தேவை உச்சத்தைத் தொடும். நான்கு கருவிகளுக்குப் பங்கு போடும் மலிவான ஹப்பிலோ நீண்ட மெல்லிய கம்பியிலோ செருகியிருந்தால் அது போதாமல் போய் மோடம் மயங்கி விழுகிறது. கணினியின் துளையில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். அதோடு, டிவைஸ் மேனேஜரில் அந்த மோடத்தின் பண்புகளுக்குள் சென்று, மின்சாரத்தைச் சேமிப்பதற்காகக் கருவியை அணைத்துவிட விண்டோஸுக்கு அனுமதி தரும் குறியை எடுத்துவிடுங்கள்.

மடிக்கணினிக்குள்ளேயே சிம் போடும் வசதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிம் துளை இருப்பதால் மட்டும் உள்ளே மோடம் இருக்கிறது என்று பொருளாகாது; ஒரே உடலை இரண்டு விலைகளில் விற்கும் நிறுவனங்கள், மலிவான வகையில் துளையை மட்டும் விட்டுவிட்டு அட்டையையும் ஆன்டெனாக் கம்பிகளையும் எடுத்துவிடுவதுண்டு. விண்டோஸ் செட்டிங்ஸில் வைஃபைக்கு அருகே செல்லுலார் என்ற தலைப்பே தெரியவில்லை என்றால், அட்டை இல்லை, அல்லது அதன் இயக்கி நிறுவப்படவில்லை. சிம் பின் எண்ணைக் கேட்டால் ஊகித்துத் தட்டாதீர்கள்: மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, பூட்டைத் திறக்கும் பியுகே எண்ணைக் கேட்கும், அதையும் பத்து முறை தவறவிட்டால் சிம் அட்டையையே மாற்ற வேண்டியிருக்கும்.

எந்த வகைக் கருவியானாலும், டவரோடு பேசுகிறது ஆனால் இணையம் தர மறுக்கிறது என்றால் பார்க்க வேண்டியது ஏபிஎன் என்ற ஒரு சொல். நிறுவனத்தின் மைய வலையமைப்பில் எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று மோடம் சொல்லும் முகவரி அது. ஜியோவுக்கு ஜியோநெட் (jionet), பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட் (bsnlnet), ஏர்டெல்லுக்கு மட்டும் புள்ளி காம் சேர்த்து ஏர்டெல்ஜிபிஆர்எஸ் (airtelgprs.com) என்று, ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றி எழுத வேண்டும். பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வெறுமையாக விட்டுவிடலாம். ஒரு நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட டாங்கிளில் வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போடும்போது, பழைய ஏபிஎன் அப்படியே தங்கிவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு.

கோடுகளை நம்பாதீர்கள்

எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு காட்ட வேண்டும் என்பதற்குப் பொது விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. உண்மையான அளவு, டெசிபல் கணக்கில் சொல்லப்படும் டிபிஎம் என்ற எண்ணில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கருவியைப் பற்றிய விவரங்களுக்குள் சிம் நிலை என்ற பக்கத்திலும், டாங்கிளின் அமைப்புப் பக்கத்திலும் அதைப் பார்க்கலாம். 4ஜியில் அது மைனஸ் 85ஐ ஒட்டி இருந்தால் நன்று. மைனஸ் 115 என்றால் கடினம். பார்வைக்கு 30 எண்களே குறைந்திருந்தாலும், ஒவ்வொரு 10 டெசிபலும் பத்து மடங்கு என்பதால், பின்னதில் வந்து சேரும் ஆற்றல் முன்னதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். கைப்பேசியைக் கான்கிரீட் அறையின் நடுவிலிருந்து சன்னல் ஓரத்துக்கு நகர்த்தினாலே பத்துப் பதினைந்து எண்கள் முன்னேறுவதுண்டு. மடிக்கணினி அங்கே போக வேண்டியதில்லை. கைப்பேசியைச் சன்னலில் வைத்துவிட்டு, ஹாட்ஸ்பாட்டில் உள்ளே அமர்ந்திருக்கலாம்.

எண் நன்றாக இருந்தும் மாலை எட்டு மணிக்கு மேல் மட்டும் வேகம் படுத்துவிடுகிறது என்றால், ஒரே டவரின் அலைக்கற்றையைத் தெருவே பங்கு போட்டுக்கொள்கிறது என்று பொருள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருமுறை வேகத்தை அளந்து பாருங்கள். அப்போது வேகம் இருந்தால், உங்கள் கருவியில் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

எல்லாம் இணைந்தும் பக்கம் திறக்காதபோது

சிம் நலம், சிக்னல் நலம், கைப்பேசியில் பக்கம் திறக்கிறது, கணினியும் இணைந்ததாகச் சொல்கிறது, ஆனாலும் திறக்கவில்லை. இந்த நிலையில் இரண்டு கட்டளைகள் போதும். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் கணினிக்குக் கிடைத்த முகவரி தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், முகவரி தரவேண்டிய கருவி பதில் சொல்லாததால் கணினி தானாகவே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போட்டு, கணினியில் அந்த வைஃபையை மறக்கச் சொல்லி மீண்டும் இணையுங்கள். முகவரி சரியாக இருந்தால், பிங் (ping) என்ற கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கொடுங்கள். இது கூகுள் நடத்தும் பொதுச் சேவை ஒன்றின் எண். அதிலிருந்து பதில் வந்து, அதே கட்டளையில் ஓர் இணையத்தளத்தின் பெயரைக் கொடுத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால், வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் பழுதடைந்திருக்கிறது. வைஃபையின் பண்புகளில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கைப்பட எழுதிவிட்டால் சரியாகிவிடும்.

இரண்டுக்கும் பதில் வந்தும் உலாவி மட்டும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று மறுத்தால் கடிகாரத்தைப் பாருங்கள். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உள் மின்கலம் தீர்ந்துபோன பழைய மடிக்கணினி பல ஆண்டுகள் பின்னால் போய் நின்றால், அதன் கண்ணில் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காதவையாகத் தெரியும். அலுவலக வலையமைப்புக்குள் நுழைய உதவும் விபிஎன் ஒன்று பாதியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் இதைப்போன்ற முட்டுக்கட்டை வரும். அதை முழுவதுமாக மூடிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தீரவில்லை என்றால் மட்டுமே விண்டோஸின் நெட்வொர்க் ரீசெட்டை நாடுங்கள். அது சேமித்த வைஃபை கடவுச்சொற்கள், விபிஎன் அமைப்புகள் எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்பதால் முதலில் அவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தடை டவரிலோ நிறுவனத்திலோ இருப்பதாக உறுதியானால் புகார் எண் 198. அங்கே "நெட் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் கைப்பேசியை அணைத்துப் போடச் சொல்வார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்தனை டிபிஎம்மில், இரண்டு வெவ்வேறு கைப்பேசிகளில் அதே சிம்மைப் போட்டுப் பார்த்தும் வரவில்லை என்று சொல்லுங்கள். புகாருக்கான பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் தீர்வு கிடைக்காதபோது அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் செல்ல அந்த எண் தேவைப்படும்.